காற்றொதுக்குத் துறைகளும் பருவக்காற்றும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடல்நிலை பற்றிய ஒரு விளக்கம்



ஊர்காவற்றுறை ஓர் இயற்கைத் துறைமுகம் என்றும், பாக்குக்குடா ஆழங் குறைந்த அமைதியான கடல் என்றும் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வினா வந்தால் அப்படியே எழுதியும் விடுவீர்கள். ஆனால் வினாவின் அடுத்த பகுதி "எக்காலத்தில்? எத்திசைக் காற்றிலிருந்து பாதுகாப்பு?" என்று கேட்குமாயின் பலருடைய பேனா அங்கே நின்றுவிடுகின்றது. ஒரு துறை பாதுகாப்பானது என்று சொல்வது அரைவாசி விடை மட்டுமே. எந்தக் காற்றுக்கு அது ஒதுக்காக உள்ளது என்று சொன்னாற்றான் விடை முழுமை பெறும்.

இது புள்ளிக்காக மட்டும் கற்கவேண்டிய விடயமன்று. உங்களுள் பலர் தீவுகளிலிருந்து படகேறிப் பாடசாலைக்கோ, வைத்தியசாலைக்கோ, பரீட்சை நிலையத்துக்கோ வருபவர்கள். பலருடைய குடும்பத்தில் ஒருவராவது கடற்றொழில் செய்பவர். அவர்களுக்கு இந்த அறிவு உயிர்காக்கும் அறிவு. எனவே பாடத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இடமும் கடலும்

முதலில் இலங்கைப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டின் வடக்கே இந்தியக் கரையையும் எமது கரையையும் பிரிப்பது பாக்குநீரிணை. அது வடகிழக்கே வங்காள விரிகுடாவுடன் திறந்த தொடர்புடையது. தென்மேற்கே இராமேசுவரம், தலைமன்னார் வரை விரிவது பாக்குக்குடா. அதன் தெற்கு எல்லையில் மன்னார்த் தீவையும் இராமேசுவரத் தீவையும் இணைப்பதுபோல ஆதாம்பாலத்து மணற்றிட்டுகள் அமைந்துள்ளன. குடாநாட்டுக்கும் பெருநிலப்பரப்புக்கும் இடையிலும், குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் இடையிலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரி உள்ளது.

இக்கடற்பகுதியின் முக்கிய இயல்பு ஆழக்குறைவு. பாக்குக்குடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீற்றர் மாத்திரமே. கடல்நீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு நீரே காணப்படும். கம்பு நட்டு வலைகட்டி மீன்பிடிப்பது அங்கு வழமையாக இருப்பதற்கு இதுவே காரணம். வற்றுப்பெருக்கு வீச்சும் சிறியது. அது ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே எமது கடலின் நிலையை நாளுக்கு நாள் மாற்றும் பிரதான காரணி வற்றுப்பெருக்கு அன்று, காற்று ஆகும்.

2. காற்று ஏன் திசை மாறுகின்றது?

விஞ்ஞான பாடத்தில் தன்வெப்பக் கொள்ளளவு பற்றிக் கற்றிருப்பீர்கள். நீருக்கு அது அதிகம், தரைக்குக் குறைவு. எனவே ஒரே சூரிய வெப்பத்தைப் பெறும்போது தரை விரைவாகச் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். குளிரும்போதும் அவ்வாறே தரை முந்தும், கடல் பிந்தும்.

வடகோடைக் காலத்தில் ஆசியக் கண்டத்தின் பெருநிலப்பரப்பு மிகவும் சூடேறுகின்றது. அங்கே வளி விரிந்து மேலெழ, தாழமுக்கம் உருவாகின்றது. அதேவேளை இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில் உயர் அமுக்கம் நிலவுகின்றது. காற்று உயர் அமுக்கத்திலிருந்து தாழமுக்கத்தை நோக்கி வீசும். அது மத்தியகோட்டைக் கடந்து வடக்கே வரும்போது புவிச்சுழற்சியின் விளைவாக வலப்பக்கம் திரும்புகின்றது. இவ்வாறு எமக்குக் கிடைப்பது தென்மேல் பருவக்காற்று. மாரியில் கண்டம் குளிர்ந்து உயர் அமுக்கம் உருவாக, காற்று எதிர்த்திசையில், வடகிழக்கிலிருந்து வீசுகின்றது. இது வடகீழ்ப் பருவக்காற்று.

குடாநாட்டு மக்கள் இக்காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துள்ளனர். வடக்குச் சார்ந்து வீசுவது வாடை. கிழக்குச் சார்ந்து வருவது கொண்டல். தெற்குச் சார்ந்தது சோளகம். மேற்குச் சார்ந்தது கச்சான். இப்பெயர்கள் குறிக்கும் திசை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடலாம். ஆயினும் ஒரு காற்றை அது புறப்பட்டு வரும் திசையைக் கொண்டே பெயரிடுகின்றோம் என்பதை மறவாதீர்கள். வடகீழ்க் காற்று வடகிழக்கை நோக்கி வீசுவதன்று, வடகிழக்கிலிருந்து வீசுவது. படம் வரையும்போது அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுவோர் பலர்.

3. ஆண்டின் நான்கு பகுதிகள்

இலங்கையின் காலநிலை ஆண்டை நான்காகப் பிரித்து நோக்கப்படுகின்றது. ஒவ்வொன்றிலும் குடாநாட்டுக் கடல் எவ்வாறு இருக்கும் என்பதைக் கீழே காண்க.

(அ) முதலாம் இடைப்பருவம் (மார்ச் – ஏப்ரல்): காற்று மென்மையானது, திசை நிலையற்றது. பிற்பகலில் மேற்காவுகையால் இடியுடன் மழை பெய்யலாம். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இடிமழையோடு சடுதியாக எழும் காற்று மட்டுமே கவனிக்க வேண்டியது.

(ஆ) தென்மேல் பருவம் (மே – செப்டெம்பர்): குடாநாட்டில் மழை மிகக் குறைவு. ஆனால் காற்று பலமாகவும் தொடர்ச்சியாகவும் வீசும். பாக்குக்குடாவை நோக்கிய மேற்கு, தென்மேற்குக் கரைகளில் அலை எழும். வடக்குக் கரையும் கிழக்குக் கரையும் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும்.

(இ) இரண்டாம் இடைப்பருவம் (ஒக்டோபர் – நவம்பர்): மழை தொடங்கும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் உருவாகும் காலம் இது. காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் கடல் மறுநாள் கொந்தளிக்கலாம்.

(ஈ) வடகீழ்ப் பருவம் (டிசெம்பர் – பெப்ரவரி): முற்பகுதியில் மழையும் பலத்த காற்றும். வடக்குக் கரையும் கிழக்குக் கரையும் கொந்தளிப்பாக இருக்கும். பெப்ரவரியில் மழை குறைந்து கடலும் அடங்கத் தொடங்கும்.

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் கிடைத்துவிடுகின்றது.

இங்கு ஒரு பொதுவான தவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். மழை இல்லாத காலத்தில் கடல் அமைதியாக இருக்கும் என்று மாணவர் பலர் எழுதுகின்றனர். இது பொருந்தாது. தென்மேல் காற்று தனது ஈரப்பதத்தின் பெரும்பகுதியை இலங்கையின் தென்மேற்குப் பகுதியிலும் மத்திய மலைநாட்டின் மேற்குச் சாய்விலும் மழையாக விட்டுவிடுகின்றது. தட்டையான குடாநாட்டில் காற்றை மேலெழச் செய்யும் மலைகளும் இல்லை. ஆகவே மழை இல்லை. ஆனால் காற்றின் வேகம் குறையவில்லை. யூன், யூலையில் வெயில் கொளுத்தும் வானத்தின் கீழேயே மேற்குக் கடல் கொந்தளிப்பதற்குக் காரணம் இதுதான். வானத்தைப் பார்த்துக் கடலை மதிப்பிட முடியாது. காற்றைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

4. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை

காற்றினால் எழும் அலையின் பருமனை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது காற்றின் வேகம். இரண்டாவது காற்று வீசும் கால அளவு. மூன்றாவது, காற்றுத் தடையின்றி நீர்ப்பரப்பின் மேல் ஓடிவரும் தூரம். இதனை இக்கட்டுரையில் ஓடுதூரம் என்று குறிப்பிடுவோம்.

ஒரு தாம்பாளத்தில் நீரூற்றி வாயால் ஊதினால் சிறு நெளிவு மட்டும் எழும். எவ்வளவு பலமாக ஊதினாலும் பெரிய அலை வராது. ஓடுதூரம் போதாமையே காரணம். இதே விதி கடலுக்கும் பொருந்தும். வடகீழ்க் காற்று பருத்தித்துறைக் கரையை அடையுமுன் வங்காள விரிகுடாவில் பலநூறு கிலோமீற்றர் ஓடிவருகின்றது. எனவே அங்கு பேரலை எழுகின்றது. அதே நாளில், அதே காற்று, பண்ணைக் கடலில் சில கிலோமீற்றர் மட்டுமே ஓடுகின்றது. எனவே அங்கு சிற்றலைதான். காற்று ஒன்று. கடல் இரண்டு விதம்.

ஆறு மாதம் கழித்து இந்நிலை மாறுகின்றது. தென்மேல் காற்று வல்வெட்டித்துறைக் கரையை அடையுமுன் குடாநாட்டுத் தரையைக் கடந்து வரவேண்டும். ஆகவே கரையோரத்தில் ஓடுதூரம் மிகக் குறைவு. ஆனால் நெடுந்தீவின் தென்மேற்குக் கரை அப்போது பாக்குக்குடாவின் அகலத்துக்கு முகங்கொடுக்கின்றது. மாரியில் காற்றொதுக்குப் பக்கமாக இருந்த கரை கோடையில் காற்றுமுகப் பக்கமாகின்றது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து: ஒதுக்கு என்பது ஓர் இடத்தின் நிலையான குணமன்று. அது நிலத்துக்கும் காற்றின் திசைக்கும் இடையிலுள்ள தொடர்பு. காற்று மாறினால் ஒதுக்கும் மாறும்.

எமது கடலில் இன்னொரு காரணியும் சேர்கின்றது. அது ஆழம். ஆழங்குறைந்த நீருக்கு வரும் அலையின் அடிப்பகுதி கடற்றரையால் தடைப்படுகின்றது. அலைகள் ஒன்றையொன்று நெருங்கி, குத்தாக எழுகின்றன. அலையின் உயரம் நீரின் ஆழத்தின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அடையும்போது அது உடைகின்றது. அதாவது 2 மீற்றர் ஆழமான திட்டில் ஏறத்தாழ 1.5 மீற்றர் உயர அலை உடைந்து விழும். ஆழ்கடலில் நீண்டு உருண்டு வரும் அலைமேல் படகு ஏறி இறங்கும். பாக்குக்குடாவின் குறுகிய குத்தலையோ அடுத்தடுத்துப் படகின் முகப்பில் மோதும், உள்ளே நீரை வாரியிறைக்கும். ஆழமில்லாத கடல் ஆபத்தில்லாத கடல் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

அத்துடன், தொடர்ந்து ஒரே திசையில் வீசும் காற்று கடல்நீரேரியின் நீரை மறுகரைக்குத் தள்ளிவிடும். அப்போது ஒரு பக்கம் நீர்மட்டம் உயர, மறுபக்கம் தாழும். நேற்றுப் படகு போன வாய்க்காலில் இன்று அடி தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. ஊர்காவற்றுறை: ஓர் உதாரணம்

இப்போது நாம் கற்ற விதியை ஓர் இடத்தில் பொருத்திப் பார்ப்போம்.

ஊர்காவற்றுறை வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் உள்ளது. அதற்கு எதிரே, ஒடுங்கிய நீர்வழிக்கு அப்பால், காரைநகர் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே, கடலின் நடுவே அமைந்திருப்பது ஒல்லாந்தர் அம்மன்னீல் எனப் பெயரிட்ட கடற்கோட்டை. மேற்கே சிறிது தூரத்தில் எழுவைதீவும் அனலைதீவும் உள்ளன.

வடகீழ்க் காற்று வீசும்போது காரைநகரும் வலிகாமத் தரையும் தடுப்புச் சுவர்களாகின்றன. தென்மேல் காற்று வீசும்போது வேலணைத் தீவு தடுக்கின்றது. மேற்கிலிருந்து வரும் அலையின் வலுவை எழுவைதீவும் அனலைதீவும் ஓரளவு குறைக்கின்றன. இரண்டு பருவங்களிலும் ஒதுக்குக் கிடைக்கும் இடங்கள் எமது கரையில் அரிது. ஊர்காவற்றுறையின் சிறப்பு இதுவே. ஆயினும் அந்நீர்வழி வடமேற்குப் பக்கமாகத் திறந்திருக்கின்றது. எனவே வடமேற்குக் காற்றுக்கு அத்துறை முழுமையான ஒதுக்கன்று.

இச்சிறப்பை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நயினாதீவில் உள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்று 12ஆம் நூற்றாண்டில் ஆட்சிசெய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது கூறுகின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானைகளையும் குதிரைகளையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவருக்கும் சேரும். வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவருக்கு. இதுவே அக்கல்வெட்டின் ஏற்பாடு.

இச்சான்றைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். துறை பாதுகாப்பானது என்பதனால்தான் வணிகர் அங்கு வரும்படி பணிக்கப்பட்டனர். ஆயினும் அதே கல்வெட்டில் கப்பல் உடைவதற்கும் சட்டம் எழுதவேண்டியிருந்தது. துறைக்குள் ஒதுக்கு இருக்கலாம். துறைக்கு வரும் வழியில் திட்டுகளும் குத்தலைகளும் இருக்கின்றன. 800 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வுண்மை கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது. வரலாறு, புவியியல் ஆகிய இரு பாடங்களுக்கும் இந்தச் சான்றைப் பயன்படுத்தலாம்.

ஊர்காவற்றுறையை காங்கேசன்துறையுடன் ஒப்பிடுவது பயனுள்ளது. காங்கேசன்துறை வடக்கு நோக்கிய திறந்த கரையில் உள்ளது. எதிரே தீவுகள் இல்லை. எனவே கடலுக்குள் கல்லிட்டு அலைதடுப்பணை கட்டவேண்டியிருந்தது. முன்னையது இயற்கை ஒதுக்கு, பின்னையது செயற்கை ஒதுக்கு.

6. பாய்க்கப்பலும் பருவக்காற்றும்

இயந்திரம் இல்லாத காலத்தில் காற்றே எரிபொருள். ஆனால் பாய்க்கப்பல் எத்திசையிலும் செல்லக்கூடியதன்று. காற்று வரும் திசைக்கு நேரெதிரே அதனால் முன்னேற முடியாது. அவ்வாறு செல்லவேண்டின் காற்றுக்குச் சாய்வாக ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என வளைந்து வளைந்து ஓடவேண்டும். இதனால் ஓடும் தூரமும் நேரமும் பெருகும். ஆகவே எந்த மாதம் எந்த நாட்டுக்குப் போவது என்பதைப் பருவக்காற்றே முடிவுசெய்தது. வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவுக்குச் செல்லத் தென்மேல் காற்று உதவும். அங்கிருந்து அரிசியும் தேக்கும் ஏற்றித் திரும்ப வடகீழ்க் காற்று உதவும்.

வல்வெட்டித்துறை இக்கடலோட்டத்துக்கும் கப்பல் கட்டுதலுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கு 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை உவில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அக்கப்பல் 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. உள்ளூர்க் கைவினைஞர் கட்டிய கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்தது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது.

பாய்க்குக் காற்றுத் தேவை. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அதுவே பகை. காற்று பாயில் ஏற்படுத்தும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய காற்று 30 கிலோமீற்றராக இரட்டித்தால் விசை இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு ஆகும். 45 கிலோமீற்றரானால் ஒன்பது மடங்கு. காற்று ஏறுமுன்னரே பாயைச் சுருக்கவேண்டும் என்று மூத்தோர் சொல்வதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கின்றது.

7. ஒரு நாளுக்குள் மாறும் காற்று

பருவக்காற்று மாதக் கணக்கில் மாறுகின்றது. ஒரே நாளுக்குள்ளும் ஒரு மாற்றம் உண்டு. பகலில் தரை சூடேறக் கடலிலிருந்து தரையை நோக்கிக் கடற்காற்று வீசும். இரவில் தரை விரைவாகக் குளிரத் தரையிலிருந்து கடலை நோக்கித் தரைக்காற்று வீசும். பாய் விரித்துத் தொழில் செய்த மீனவர் பின்னிரவில் தரைக்காற்றோடு புறப்பட்டு, பகலில் கடற்காற்றோடு கரை சேர்ந்தனர். பருவக்காற்று வலுவிழந்த இடைப்பருவ மாதங்களில் இந்த நாளாந்தக் காற்று தெளிவாகத் தெரியும். பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் அது அமுங்கிவிடும்.

8. ஒதுக்கு தலைகீழாகும் வேளை

பருவக்காற்றின் திசையை முன்கூட்டியே அறியலாம். ஆனால் சூறாவளி வரும்போது காற்றின் திசை சில மணி நேரத்துக்குள் மாறிவிடும். வட அரைக்கோளத்தில் சூறாவளியின் காற்று அதன் மையத்தைச் சுற்றி, மணிக்கூட்டு முள்ளின் திசைக்கு எதிராகச் சுழல்கின்றது. வங்காள விரிகுடாவிலிருந்து மேற்கு நோக்கி நகரும் சூறாவளி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மையம் குடாநாட்டுக்குத் தெற்கே கடந்தால் எமக்கு முதலில் வடகிழக்கு, பின் கிழக்கு, பின் தென்கிழக்கு எனக் காற்று மாறும். மையம் வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என மாறும். இரண்டாவது நிலையில், வடகீழ்க் காற்றுக்கு ஒதுக்கு என்று நம்பிப் படகைக் கட்டிவைத்த மேற்கு நோக்கிய துறையே காற்றின் வாய்க்குள் அகப்படும்.

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்குக்குடாவுக்குள் நுழைந்த சூறாவளி இதற்குப் பெரும் சான்று. அன்றிரவு எழுந்த கடற்பெருக்கு தனுஷ்கோடி நகரை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதத்தையும் பயணிகளோடு அடித்துச் சென்றது. தலைமன்னார்ப் பகுதியும் பெரும் சேதமடைந்தது. வழமையில் அமைதியான இந்த ஆழங்குறைந்த குடாவே அன்று பேரழிவுக்கு இடமாயிற்று. ஆழங்குறைந்த கடலில் காற்று தள்ளும் நீர் கீழே திரும்பிச் செல்ல இடமின்றிக் கரைமேல் ஏறுவதே இதற்குக் காரணம். 2008 நவம்பரில் நிஷா சூறாவளி குடாநாட்டில் பெருவெள்ளத்தை ஏற்படுத்தியது. 2020 டிசெம்பரில் புரெவிச் சூறாவளி வடமாகாணத்தைத் தாக்கியது. இவை மூன்றும் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நிகழ்ந்தவை என்பதை அவதானியுங்கள்.

9. இன்றைய வாழ்வில்

இயந்திரப் படகும் எஃகுக் கப்பலும் வந்தபின்னர் பருவக்காற்று முக்கியத்துவம் இழந்துவிட்டதா? இல்லை. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பற்சேவை 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கியது. தொடங்கிய சில நாட்களிலேயே வடகீழ்ப் பருவக் காலநிலையைக் காரணமாகக் காட்டி நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் மாதத்தில், வடக்குக் கரை தென்மேல் காற்றுக்கு ஒதுக்காக இருக்கும் காலத்தில், மீண்டும் தொடங்கியது. இரண்டு மாதங்களையும் நாம் மேலே கண்ட பருவப் பிரிவுடன் பொருத்திப் பாருங்கள். காரணம் தானே விளங்கும்.

தீவுப் பயணங்களிலும் இதே விதி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் மகோற்சவம் ஆனி மாதத்தில், தென்மேல் காற்று வீசும் காலத்தில் நடைபெறுகின்றது. ஆயினும் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் கடல்வழி குறுகியது. ஓடுதூரம் குறைவு என்பதால் அலை ஓரளவுக்கு மேல் வளர்வதில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு மாவிலித்துறைக்குச் செல்லும் வழியோ நீண்டது, திறந்தது. காற்று பலத்தால் பயணம் கடினமாகும். திறந்த கடலில் நெடுந்தூரம் செல்லவேண்டிய கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி, மார்ச் மாதங்களில், வடகீழ்க் காற்று தணியும் காலத்தில் வருகின்றது.

மீனவரின் இடப்பெயர்வும் இதனோடு தொடர்புடையது. தென்மேல் பருவத்தில் இலங்கையின் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது, அங்குள்ள மீனவர் பலர் ஒதுக்கான கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர். பருவம் மாறத் திரும்பிவிடுவர்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென அறிக்கைகளை வெளியிடுகின்றது. அவற்றைக் கேட்கும்போது மழை உண்டா என்பதோடு நின்றுவிடாது, நான்கு விடயங்களைக் கவனியுங்கள்: எந்தக் கடற்பரப்பு, காற்று எத்திசையிலிருந்து, என்ன வேகம், திசை மாறும் என்று கூறப்பட்டுள்ளதா. இவற்றோடு உங்கள் ஊர்த்துறை எத்திசைக்குத் திறந்துள்ளது என்ற அறிவையும் சேர்த்தால், வீட்டிலிருந்து கடலுக்குப் போகும் ஒருவருக்குப் பயன்படும் ஆலோசனையை நீங்களே கூறலாம்.

10. விடை எழுதும் முறை

மாதிரி வினா 1: வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பருத்தித்துறைக் கடல் கொந்தளிப்பாகவும் யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஒப்பீட்டளவில் அமைதியாகவும் இருப்பதற்குக் காரணம் கூறுக.

விடை: வடகீழ்க் காற்று வங்காள விரிகுடாவில் நீண்ட தூரம் தடையின்றி ஓடிவந்து வடக்குக் கரையை அடைவதால் அங்கு பேரலைகள் எழுகின்றன. கடல்நீரேரி குடாநாட்டுத் தரையின் காற்றொதுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓடுதூரம் குறைவு. எனவே அலைகள் சிறியவை.

மாதிரி வினா 2: குடாநாட்டில் தென்மேல் பருவம் வறண்டதாக இருந்தும் மேற்குக் கடல் கொந்தளிப்பது ஏன்?

விடை: காற்று தன் ஈரப்பதத்தைத் தென்மேற்குப் பகுதியிலும் மலைநாட்டிலும் இழந்துவிடுகின்றது. குடாநாட்டில் காற்றை உயர்த்தும் மலைகளும் இல்லை. ஆனால் காற்றின் வேகம் குறைவதில்லை. அது பாக்குக்குடாவின் மேல் ஓடிவந்து ஆழங்குறைந்த நீரில் குத்தலைகளை எழுப்புகின்றது.

மாதிரி வினா 3: நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். ஒரு கப்பல் மணிக்குச் சராசரியாக 15 கடல் மைல் கதியில் சென்றால் எடுக்கும் நேரம் யாது? தூரத்தைக் கிலோமீற்றரில் தருக. (1 கடல் மைல் = 1.852 கிலோமீற்றர்)

விடை: நேரம் = 60 ÷ 15 = 4 மணித்தியாலம். தூரம் = 60 × 1.852 = 111.12 கிலோமீற்றர்.

நீங்களே செய்து பார்க்க: உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள துறை ஒன்றின் பரும்படிப் படத்தை வரைக. வடக்குத் திசையைக் குறிக்க. வடகீழ், தென்மேல் பருவக்காற்றுகளை இரு நிற அம்புகளால் காட்டுக. அத்துறை எப்பருவத்தில் ஒதுக்கானது, எத்திசைக் காற்றுக்குத் திறந்துள்ளது என்பவற்றை மூன்று வசனங்களில் எழுதுக. எழுதியதைக் கடற்றொழில் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி, அவர் கூறும் திருத்தங்களையும் குறித்துக்கொள்க.

நினைவிற் கொள்க: ஒரு துறையைப் பாதுகாப்பானது என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அதனோடு இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். ஒன்று மாதம், மற்றையது காற்றின் திசை.